லேனியர் ஏரி: மே மாதம் கடித்த பாஸ் ஜூனில் எங்கே போகிறது?

கேள்வி இதுதான். ஜார்ஜியாவில் கம்மிங் பக்கம் வீடு. கையில் ஒரு கயாக், அதில் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் ஒரு சின்ன சோனார். ஏப்ரல் கடைசியிலும் மே முதல் இரண்டு வாரங்களிலும் யங் டீர் க்ரீக் வாயிலுள்ள ஒரு மண்முனையில், விடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறேழு ஸ்பாட்டட் பாஸ் மீன்கள் மாட்டின. ஜூன் பிறந்ததும் அதே முனை, அதே நேரம், அதே இரை, ஒரு கடிகூட இல்லை. மீன் எங்கே போனது, வருடம் முழுக்க எப்படித் தேடுவது?

மீன் எங்கேயும் போகவில்லை. அதே முனை நீருக்குள் நீளும் முதுகு வழியாகவே சரிந்து 20, 25 அடி ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. கரையிலிருந்து நூறு, நூற்றைம்பது கஜம்தான் இருக்கும். நீங்கள் இன்னும் கரையைப் பார்த்தே வீசிக்கொண்டிருக்கிறீர்கள். ஜூனில் கரைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அந்த ஒரு முனையையும், அதன் பக்கத்துக் குடாவுக்குள் ஓடும் பழைய ஓடைப் பள்ளத்தையும் நன்றாகப் படித்துவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கும் மீன் அங்கேயே கிடைக்கும். ஏரி முழுவதையும் கற்க முயல்கிறவர்கள்தான் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

ஏரியைப் பற்றிக் கொஞ்சம். சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை (சுருக்கமாக கோர்) பியூஃபோர்ட் அணையைக் கட்டி 1950களில் நிரப்பிய நீர்த்தேக்கம் இது. நிறைந்த நிலையில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1,071 அடி, பரப்பு சுமார் 38,000 ஏக்கர். பிரவுன்ஸ் பாலத்துக்குத் தெற்கே தண்ணீர் தெளிவு, ஆழம் அதிகம். வடக்கே கெயின்ஸ்வில் பக்கம் போகப்போகக் கலங்கல் கூடும், லார்ஜ்மவுத் பாஸும் கூடும். நீங்கள் இருப்பது தெற்கு. இங்கே ஆட்சி ஸ்பாட்டட் பாஸ், சுருக்கமாக ஸ்பாட்டுடையது. (உயிரியல்காரர்கள் இதை அலபாமா பாஸ் என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். படகுத்துறையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.)

லார்ஜ்மவுத் நிழலும் புதரும் பார்த்துக் குடியிருக்கும். ஸ்பாட் அப்படி ஓரிடத்தில் தங்காது, கூட்டமாக இரைக்குப் பின்னால் அலையும். இங்கே அந்த இரை ப்ளூபேக் ஹெர்ரிங். அட்லாண்டிக் கடலோர ஆறுகளைச் சேர்ந்த இந்த வெள்ளிநிற மீன் வெளியிலிருந்து இந்த ஏரிக்குள் வந்து சேர்ந்தது. கரையோரத்தில் ஒட்டாமல் திறந்த நீரில் திரிவது அதன் குணம். அது வந்த பிறகு ஸ்பாட்டும் பெருத்தது, கரையை விட்டு வெளியேயும் போனது. மற்ற ஏரிகளுக்கு எழுதப்பட்ட பாஸ் அறிவுரைகள் இங்கே பாதிக்கு மேல் பொய்த்துப்போவது இதனால்தான். இனி நான் சொல்லும் மாதங்களைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். சோனார் மூலையில் தெரியும் தண்ணீரின் சூடுதான் உண்மையான நாட்காட்டி. எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு.

முதலில் இப்போதைய கோடை. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதும் ஸ்பாட் கூட்டம் முனைகளின் நுனியிலும், நீருக்குள் மறைந்திருக்கும் திட்டுகளின் மேலும், அங்கே மூழ்கவைத்த புதர்க்குவியல்களில் நிற்கும். மீன்பிடிப்பவர்கள் பல வருடங்களாக மரக்கிளைகளையும் மூங்கில் கழிகளையும் எடை கட்டி இறக்கியவை இவை. ஏரிக்காரர்கள் பிரஷ் என்பார்கள், மூங்கில் என்றால் கேன் பைல். (நீங்களாக இறக்க ஆசைப்பட்டால் முதலில் கோர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) பெரும்பாலானவை 18 முதல் 30 அடிக்குள் இருக்கும்.

தேடுவதற்கு ஒரு காலைப்பொழுதை மீன் பிடிக்காமலே செலவழியுங்கள். உங்கள் முனையின் முதுகில் 15 அடி ஆழத்திலிருந்து 35 அடி வரை, இடமும் வலமுமாக வளைந்து வளைந்து மெதுவாகப் போங்கள். கீழ்நோக்கும் சோனாரின் கூம்பு 20 டிகிரி என்றால், 25 அடி ஆழத்தில் அது பார்ப்பது சுமார் 9 அடி அகல வட்டம்தான். இரண்டு கோடுகளுக்கு நடுவே 30 அடி விட்டுப்போனால் நல்ல பிரஷ் அந்த இடைவெளியில் ஒளிந்துவிடும். தரைக்கோட்டிலிருந்து குட்டிக் குன்று போல எழும்பி, உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரிவது பிரஷ். மழமழவென்று எழும்பினால் அது வெறும் மண்மேடு. கண்டவுடன் ஜிபிஎஸ் புள்ளி வையுங்கள். ஐந்து பிரஷ் கிடைத்தால் கோடைக்குப் போதும். ஐந்திலும் ஒரே நாளில் மீன் நிற்காது, சுற்றி வர வேண்டும்.

பிடிக்கும் முறை இரண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே.

மேல்முறை கேட்க விசித்திரமாக இருக்கும். 25 அடி ஆழத்தில் நிற்கும் மீனை நீர்மட்டத்தில் ஓடும் இரையால் கூப்பிடுவது. தெற்கு லேனியரின் தெளிந்த நீரில் இது நடக்கிறது, ஏனென்றால் ஹெர்ரிங்கைத் துரத்தி மேலே வருவது ஸ்பாட்டுக்குப் பழக்கம். 4 முதல் 5 அங்குலம் நீளமுள்ள, இடவலமாகத் தலையாட்டி நடக்கும் மிதவை இரை ஒன்றை பிரஷ்ஷைத் தாண்டி வீசி, அதன் மேல் வேகமாக இழுத்து வாருங்கள். ஒரே பிரஷ்ஷில் நாலைந்து வீச்சுக்கு மேல் நிற்க வேண்டாம். மேலே வர மனமுள்ள மீன் முதல் இரண்டு வீச்சிலேயே வந்துவிடும். தண்ணீர் தெறித்த கணத்தில் கோலைச் சுண்டுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு. இரை மீனின் வாய்க்குள் போகும் முன்பே பிடுங்கிவிடுவீர்கள். கோலில் கனம் தெரியும் வரை நடையை நிறுத்தாமல் சுற்றுங்கள், பிறகு சாய்த்து இழுத்தால் போதும். மீன் பின்தொடர்ந்து வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால், எடையே கட்டாத 5 அங்குல ஃப்ளூக் (மீன் வடிவ ரப்பர் இரை) ஒன்றை அதே இடத்தில் உடனே போடுங்கள். இதற்காக இரண்டாவது கோல் எப்போதும் தயாராகக் கிடக்க வேண்டும். லேசான காற்றில் நீர்ப்பரப்பு நெளியும் நாள்தான் இதற்கு நல்ல நாள். கண்ணாடி போல் கிடந்தால் மீன் இரையை நன்றாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும்.

கீழ்முறை டிராப் ஷாட், அதாவது நரம்பின் அடியில் ஈயம், அதற்கு மேலே முள். சுழல் ரீலில் 10 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் 8 முதல் 10 அடிக்கு 6 அல்லது 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. முள் 1 அல்லது 1/0 அளவு. கீழே 1/4 அவுன்ஸ் ஈயம், காற்றடித்தால் 3/8. முடிச்சில்தான் சூட்சுமம். நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, மடிப்பு வளையத்துக்குள் முழு முள்ளையும் புகுத்தி, எச்சிலால் ஈரமாக்கி இறுக்குங்கள். இது பாலோமர் முடிச்சு. கீழே தொங்கும் மிச்ச நரம்பு ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். அந்த மிச்சத்தை, முள்ளின் கூர் இருக்கும் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் இன்னொரு முறை கீழ்நோக்கி நுழைத்து இழுங்கள். இப்போது முள் நரம்புக்குச் செங்குத்தாக, கூர் மேலே பார்த்து நிற்கும். இந்த இரண்டாவது நுழைவை விட்டுவிட்டால் முள் நரம்போடு ஒட்டித் தொங்கும், மீன் கடித்தும் மாட்டாது. முள்ளிலிருந்து ஒரு அடிக்குக் கீழே ஈயத்தைக் கட்டுங்கள். இரைக்கு 4½ முதல் 6 அங்குல மெல்லிய ரப்பர் புழு. பிரஷ்ஷுக்குள் இறக்குவதானால் கூர் வெளியே தெரியாமல் புழுவின் உடலுக்குள் மறைத்துக் கோத்துவிடுங்கள். ஓரத்தில் நிற்கும் மீனுக்கு மூக்கில் மட்டும் குத்தினால் ஆட்டம் நன்றாக இருக்கும்.

கயாக்கைப் பிரஷ்ஷின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், ஓரமாக நின்று இறக்குங்கள். சோனார் நேர் கீழே பார்த்தால் ஈயம் இறங்குவதே சாய்கோடாகத் திரையில் தெரியும். மீன் 18 அடியில் நிற்கும்போது இரை 25 அடி தரையில் கிடந்து பயனில்லை. மீன் கீழே பார்த்து இறங்குவதைவிட மேலே பார்த்து ஏறுவதற்குத்தான் தயங்காது, அதனால் அதன் தலைக்கு ஒரு அடி மேலே நிறுத்துங்கள். ஆட்டவும் வேண்டாம், கை நடுக்கமே போதும். கடி என்பது பல நேரம் 'டொக்' என்று வராது. நரம்பு ஈரத்துணி கட்டியதுபோலக் கனக்கும். அப்போது சுண்டாமல் ரீலைச் சுற்றிக்கொண்டே கோலை உயர்த்துங்கள். மெல்லிய நரம்பை ஓங்கிச் சுண்டினால் முடிச்சில் அறும்.

கடி நின்றுபோனால் அணையைக் கவனியுங்கள். பியூஃபோர்ட் அணையில் மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறக்கும்போது தெற்கு ஏரியில் மெல்லிய இழுப்பு உண்டாகும். கோடையில் இது பெரும்பாலும் வார நாள் பிற்பகல். செத்துக் கிடந்த பிரஷ் அந்த நேரத்தில் உயிர்பெறும். சனி, ஞாயிறு காலை ஒன்பதுக்கு மேல் கயாக்கில் இருக்கவே இருக்காதீர்கள். பெரிய படகுகளின் அலை உங்களையும் புரட்டும், செம்மண் கரையையும் கரைத்துக் கலக்கும்.

கோடை முற்றும்போது சோனாரின் உணர்திறனைக் கூட்டினால் 25 முதல் 35 அடிக்குள் ஒரு மங்கலான பட்டை தெரியும். அதுதான் தெர்மோக்லைன், சூடான மேல்நீரும் குளிர்ந்த அடிநீரும் பிரியும் இடம். ஸ்ட்ரைப்பர் என்ற இன்னொரு பெரிய மீன் அதற்குக் கீழே குளிருக்குப் போய்விடும். ஸ்பாட் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கும். ஆகவே பட்டை 28 அடியில் என்றால் 40 அடி பிரஷ்ஷில் நேரம் போக்காதீர்கள்.

இலையுதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. செப்டம்பர் கடைசியில் தண்ணீர் 70களுக்கு இறங்கும்போது அதே மேல்நீர் இரை மறுபடி வெறியோடு வேலை செய்யும், ஹெர்ரிங் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோலத் தெரியும். பிறகு நவம்பர் வாக்கில் ஏரி புரளும். மேல்நீர் குளிர்ந்து கனத்து கீழே இறங்க, அடிநீர் மேலே வரும். தண்ணீர் ஒரு மாதிரி பச்சையும் பழுப்புமாகி, சில இடங்களில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த ஒன்றிரண்டு வாரம் ஆழத்தில் மீன் தேடாதீர்கள். க்ரீக்கின் உட்கோடியில், படகுத்துறைகளின் நிழலில், 10 அடிக்குள் பாருங்கள். ஆழம் குறைவான உட்கோடிகள் முன்பே புரண்டு தெளிந்திருக்கும்.

இனிக் குளிர்காலம். புதிதாக வருகிறவர்கள் கோலைக் கட்டி வைத்துவிடும் பருவம் இது. என் கணக்கில் லேனியரின் நம்பகமான பருவமே இதுதான். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை, தண்ணீர் 60க்குக் கீழே போய் 40களின் பிற்பாதி வரை இறங்கும் காலத்தில், மீன் ஓடைப் பள்ளங்களுக்குள் நுழைகிறது. உங்கள் முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவே ஒரு குடா இருக்கிறதல்லவா? அணை கட்டுவதற்கு முன் அதில் ஒரு சின்ன ஓடை ஓடியிருக்கும். அந்த ஓடையின் தடம் இன்றும் அடியில் கிடக்கிறது. வரைபடத்தில் சமவரைகள் ஆங்கில 'வி' வடிவில் மடங்கும் இடத்தைப் பாருங்கள். 'வி'யின் கூர் கரையைப் பார்த்தால் அது பள்ளம், ஏரியைப் பார்த்தால் அது முனை. இந்த ஒன்று தெரிந்தால் எந்த நீர்த்தேக்கத்தின் வரைபடத்தையும் படித்துவிடலாம். குடாவின் வாயில் 40, 45 அடியாகத் தொடங்கி உட்கோடியில் 5 அடியாக முடியும் பள்ளமே வேண்டியது.

குளிர்காலத்தில் மீன் ஆழத்துக்குப் போகும் என்ற பொதுவிதி இங்கே காலையில் தலைகீழ். இரவில் ஹெர்ரிங்கும் ஷாட் (shad) என்ற இரைமீனும் பள்ளம் வழியாக உள்ளே ஏறுகின்றன, பாஸும் பின்னால் வருகிறது. விடியும்போது 10, 15 அடியில் இரண்டும் சேர்ந்திருக்கும். வெயில் ஏற ஏற அதே பள்ளத்தில் பின்வாங்கி, ஒன்பது, பத்து மணிக்கு 30 முதல் 45 அடியில் நிற்கும். ஆகவே இருட்டோடு உட்கோடியில் தொடங்கி, வெயிலோடு சேர்ந்து நீங்களும் வெளியே வர வேண்டும். எட்டு மணிக்கு வந்து உட்கோடியில் வீசுகிறவர், மீன் ஏற்கனவே நகர்ந்துவிட்ட வீட்டின் கதவைத் தட்டுகிறார். மேகமூட்டமான நாளில் மட்டும் இந்த நகர்வு மதியம் வரை தள்ளிப்போகும்.

விடியலில் 3/8 அவுன்ஸ் தலை கொண்ட சின்ன ஸ்விம்பைட் (நீந்தும் ரப்பர் மீன்) அல்லது வயிற்றில் சுழலும் தகடுள்ள அண்டர்ஸ்பின். இரை என்ன வேகத்தில் இறங்குகிறது என்பதை முன்பே எண்ணி வையுங்கள். 20 அடி தெரிந்த இடத்தில் இறக்கி, நரம்பு தளரும் வரை எண்ணினால் உங்கள் இரையின் கணக்கு கிடைத்துவிடும். பிறகு 15 அடி மீனுக்கு அதில் முக்கால் பங்கு எண்ணி, சுற்றத் தொடங்கலாம். சுற்றும் வேகம் சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும். தண்ணீர் 50க்குக் கீழே இருக்கையில் கோடை வேகத்தில் சுற்றுவதுதான் குளிர்காலத் தோல்விகளில் முக்கால்வாசி. மீன் ஆழத்துக்கு நகர்ந்த பிறகு டிராப் ஷாட், இல்லையென்றால் நேராக இறக்கும் உலோகக் கரண்டி (ஸ்பூன் என்ற தகட்டு இரை). கரண்டியை ஒரு முழம் தூக்கி, நரம்பு இறுகாமலும் தொய்யாமலும் விழ விடுங்கள். கடி விழும்போதுதான் வரும். பள்ளத்தின் அடியில் நிற்கும் பழைய மரங்களில் கரண்டி சிக்கும், அப்போது மேலேயே போய் நின்று நரம்பைத் தளரவிட்டுக் குலுக்குங்கள். கரண்டியின் எடையே பெரும்பாலும் அதை விடுவித்துவிடும்.

பிப்ரவரி கடைசியில் தண்ணீர் 50களின் நடுவை எட்டும்போது, மீன் பள்ளத்தை விட்டு அதன் இருபக்கப் பாறைக் கரைகளுக்கு வரும். நண்டு நிறத்தில் செம்பழுப்பான கிராங்க்பைட்டை (இழுத்தால் கீழே பாயும் கெட்டி இரை) கல்லில் முட்ட முட்ட இழுக்கும் மாதம் இது. தரையைத் தொடாமல் இழுத்தால் கடிக்காது. மார்ச் கடைசி, ஏப்ரலில் 60ஐத் தாண்டியதும் முட்டையிடல். லார்ஜ்மவுத் குடாவின் உள்ளே சில அடி ஆழத்தில் கூடு போடும். ஸ்பாட் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் போடுவதால் கூடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கூட்டைக் காப்பது ஆண்மீன். அதைப் பிடித்தால் அங்கேயே உடனே விட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் காவல் இல்லையென்றால் ப்ளூகில் என்ற சின்ன மீன்களின் கூட்டம் முட்டையைக் காலி செய்துவிடும்.

ஏப்ரல் கடைசியில், தண்ணீர் 65 முதல் 70 சொச்சம் வரை இருக்கையில் நடப்பதுதான் உங்களுக்குக் கிடைத்த விருந்து. ஹெர்ரிங் முட்டையிட விடியலில் முனைகளுக்கு வருகிறது. அதற்குக் கெட்டியான செம்மண்ணோ சரளையோ வேண்டும், சேறு ஆகாது. ஆழமற்ற திட்டுகளில் கோர் நட்டிருக்கும் எச்சரிக்கைக் கம்பங்களைச் சுற்றியும் வரும். நீருக்குள் கருநிழல் போல ஒரு கூட்டம் கரையை உரசி ஓடும், பெரிய நீல நாரை ஒன்று முனையின் நுனியில் காத்து நிற்கும். நாரை நிற்கும் முனையை நம்பலாம். இது இரண்டு, மூன்று வாரச் சமாச்சாரம். அது முடிந்த அன்று பாஸ் அந்த முனையின் முதுகில் இறங்கத் தொடங்கியது, நீங்கள் அதைக் கவனிக்காமல் கரையிலேயே நின்றுவிட்டீர்கள். அடுத்த வருடம் கடி குறைந்த அன்றே 10 அடி, பிறகு 15, பிறகு 20 என்று பின்தொடருங்கள்.

ஆழத்திலிருந்து எடுத்த மீனைத் திரும்ப விடுவதில் ஒரு விஷயம். 30 அடிக்குக் கீழிருந்து வந்த மீனின் காற்றுப்பை அழுத்தம் குறைந்து ஊதிவிடும். பக்கவாட்டில் மிதக்கும், கண் பிதுங்கும், சிலவற்றுக்கு வாயில் சிவப்பாக ஒரு பை தள்ளிக்கொண்டு நிற்கும். அது வயிறு, அதைக் குத்தக் கூடாது. உடனே விட்டால் பல மீன்கள் தாமே இறங்கிவிடும். இறங்காததற்குத் தாடையில் கவ்வும் கிளிப் ஒன்றில் கனமான ஈயம் கட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கி, அங்கே சுண்டி விடுவியுங்கள். ஊசியால் காற்றெடுக்கும் முறையும் உண்டு, ஆனால் தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்டாமல் முயல வேண்டாம்.

குழம்புக்கு எடுத்துப்போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: லேனியரில் 14 அங்குலத்துக்குக் குறைந்த ஸ்பாட்டையும் லார்ஜ்மவுத்தையும் வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லா பாஸ் வகையும் சேர்த்து நாளுக்கு 10. வாயை மூடி, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். 16 வயது முதல் உரிமம் கட்டாயம். விதிகள் மாறும், வருடம் பிறந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 14, 15 அங்குல ஸ்பாட் வறுவலுக்கு அருமை, அதைவிடப் பெரியதை விட்டுவிடுவது என் விருப்பம்.

கயாக்கில் மின்மோட்டார் மாட்டினால் ஜார்ஜியாவில் அதுவும் பதிவு செய்ய வேண்டிய படகுதான். இருட்டில் இறங்குவதானால் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு வேண்டும். ஜனவரியில் 48 டிகிரி தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கை மரத்துவிடும், தேடி எடுத்து லைஃப் ஜாக்கெட் போட நேரம் இருக்காது. கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள்.